மிதிச்சா கட்டை மாதிரி இருக்கு, வண்டி நிக்கல: 2002 சிட்டி வீடெக்

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பாவோட 2002 ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் இப்ப என் கையில இருக்கு. 106 குதிரைத்திறன், முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் கிடையாது. நீடாமங்கலத்துல எங்க வீட்டுக் கொட்டாயில, நெல் மூட்டைக்கு நடுவுல நாலு வருஷம் சும்மா நின்ன வண்டி. தை அறுப்பு முடிஞ்சு கையில கொஞ்சம் காசு வந்ததும் பேட்டரி போட்டு, எலி கடிச்சிருந்த ஒயர், ஹோஸ் எல்லாம் ஊர்லயே மாத்தி ஓட்ட ஆரம்பிச்சேன். எஞ்சின்ல ஒரு குறை சொல்ல முடியாது. முள்ளு ஐயாயிரத்தைத் தாண்டினா இன்னிக்கும் முதுகை சீட்டோட அழுத்துது.

நிறுத்துறதுதான் பிரச்சினை. போன வாரம் மன்னார்குடியிலேர்ந்து தஞ்சாவூர் போறேன். வடுவூர் ஏரி தாண்டி ஒரு நெல் லாரியை ஓவர்டேக் பண்ணினேன், மூணாவது கியர்ல நல்லா மிதிச்சுத்தான். லாரியைத் தாண்டி உள்ள வந்தா ரோட்டுக்குக் குறுக்க வாத்து. எரநூறாவது இருக்கும். அறுத்த வயல்லேர்ந்து எதிர்ப்பக்க வாய்க்காலுக்கு வரிசையா எறங்குது. பிரேக் மேல ஏறி நிக்கிறேன், பெடல் கட்டை. காலுக்கடியில கருங்கல்லை வெச்ச மாதிரி. டயர் கத்தவும் இல்ல, லாக் ஆகவும் இல்ல, வண்டி பாட்டுக்குப் போய்ட்டே இருக்கு. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நின்னப்ப கடைசி வாத்துக்கும் பம்பருக்கும் ஒரு முழம். வாத்துக்காரர் கோலைத் தூக்கிட்டு வந்து என் பரம்பரையையே விசாரிச்சாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது.

இதுக்கு முன்னாடியே ஒரு பட்டறையில விட்டு முன் பேடு ரெண்டு பக்கமும் புதுசு, டிஸ்க்கை லேத்துல கொடுத்து கடைஞ்சாச்சு, பிரேக் ஆயில் மாத்தியாச்சு. 7,800 ரூபா. பட்டறைக்குள்ள நிக்க வெச்சு மிதிச்சா பெடல் நல்லாத்தான் இருக்கு. அவங்களும் தெருவுக்குள்ள ஒரு சுத்து போய் வந்து "பழைய வண்டி சார், இவ்வளவுதான் வரும்"னுட்டாங்க.

இப்ப திருச்சியில ஒருத்தர் பெரிய டிஸ்க், அதைக் கவ்வுற காலிப்பரும் பெருசா, செட்டா 40,000-க்கு போட்டுத் தர்றேங்கிறாரு. போடலாமா? ஆறு மா நிலத்துக்காரன் நான், ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும்.

மலைக்கோட்டை 16வால்வ்:

ப்ரோ யோசிக்கவே வேணாம், போடுங்க. அந்தக் காலத்து வண்டி, சின்ன டிஸ்க். நான் என் வண்டிக்குப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. 15 இன்ச் வீல் வேணும், அதையும் சேர்த்துக்குங்க. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரையும் ஒரு சைஸ் பெருசா மாத்திருங்க, பெடல் சும்மா கும்முன்னு இருக்கும்.

கும்பகோணம் பட்டறை:

மேல எழுதின தம்பி கோவிச்சுக்க வேணாம், அவருக்கு அப்பறமா பதில் சொல்றேன். மொதல்ல வண்டிக்காரத் தம்பிக்கு.

நான் முப்பத்தெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்ப பட்டறையை மவன் பாக்குறான், நான் வாசல்ல நாற்காலி போட்டு போன் பாத்துட்டிருக்கேன். பிரேக் பிடிக்கலன்னு யார் வந்தாலும் நான் ஸ்பேனரை எடுக்கறதில்ல. பெடல் எப்படி இருக்குன்னு கேப்பேன். பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ள காத்து, இல்ல ரப்பர் ஹோஸ் ஊதுது. கேட்டுல மிதிச்சபடி நிக்கையில தானா மெதுவா கீழ எறங்கினா மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போச்சு. ரெண்டு தடவை அடிச்சாத்தான் மேல வருதுன்னா பின்னாடி டிரம்ல ஷூ தள்ளி நிக்குது. உங்க பெடல் உயரமா, கட்டையா இருக்கு, ஆனா வண்டி நிக்கல. இது வேற சாதி. காலுக்குத் துணை வர்ற ஆள் வரலன்னு அர்த்தம். கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்குற பூஸ்டரைச் சொல்றேன். பேடு வழவழன்னு கண்ணாடி ஆயிருந்தாலும் இப்படி வரும், ஆனா உங்க பேடு புதுசு.

நீங்க எழுதினதுல மூணு விஷயம் என்னை நிறுத்திடுச்சு. பட்டறையில நின்னா நல்லா இருக்கு. ஓவர்டேக் பண்ணின கையோட மிதிச்சா இல்ல. எலி கடிச்ச ஹோஸை மாத்தியிருக்கு.

பூஸ்டர் வேலை செய்யறது எஞ்சின் உறிஞ்சற வேக்கத்துல, அதாவது வெற்றிடத்துல. பெட்ரோல் வண்டி ஐடில்ல ஓடும்போது காத்து போற கதவு, திராட்டில், மூடியிருக்கும், உள்ள உறிஞ்சல் பலமா இருக்கும். கேஜ் மாட்டினா பாதரசக் கணக்குல 18லேர்ந்து 22 இன்ச் காட்டும். முழுசா ஆக்சிலேட்டரை மிதிச்சா திராட்டில் திறந்துக்கும், உறிஞ்சல் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போயிடும். அந்த நேரத்துல பூஸ்டருக்குள்ள ஏற்கெனவே இருக்குற வேக்கம் திரும்பி வெளியே போகாம ஒரு சின்ன வால்வு பிடிச்சு வெச்சிருக்கும். ஒரே பக்கமா விடும், திரும்ப விடாது. அது இல்லன்னா நீங்க லாரியைத் தாண்டி முடிக்கிறப்ப பூஸ்டர் காலி. மறுபடி நிரம்ப ஒரு நேரம் வேணும். 80-ல போற வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகும். வாத்துக்கு அது பத்தாது.

பட்டறைக்காரங்க ஏன் கண்டுபிடிக்கல? தெருவுக்குள்ள அரை ஆக்சிலேட்டர்ல ஓட்டினா பூஸ்டர் எப்பவும் நிரம்பியே இருக்கும். குத்தம் சொல்ல மாட்டேன், நானும் பல தடவை ஏமாந்திருக்கேன்.

பைசா செலவில்லாம ரெண்டு சோதனை. எஞ்சினை நிறுத்திட்டு பெடலை அஞ்சாறு தடவை அடிங்க, இறுகிடும். அப்படியே காலை வெச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ எறங்கணும். எறங்கினா பூஸ்டருக்கு உயிர் இருக்கு. அடுத்தது, ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. ஒரு டீ குடிச்சுட்டு வந்து, ஸ்டார்ட் பண்ணாம மிதிங்க. மொத மிதியும் ரெண்டாவது மிதியும் மெத்துன்னு போகணும், அப்பறம்தான் இறுகணும். மொத மிதியே கட்டைன்னா வேக்கம் தங்கல. வால்வு போயிருக்கணும், இல்ல பூஸ்டருக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கணும். வால்வு சல்லிசு, மொதல்ல அதைப் பாருங்க. பழைய ஹோண்டா பலதுல அந்த வால்வு பூஸ்டர்ல இருக்காது, ஹோஸுக்கு நடுவுலயே இருக்கும், மேல ஒரு அம்பு போட்டிருக்கும். நான் எங்க வர்றேன்னு புரியுதா?

இன்னொண்ணு. கழட்டின பழைய பேடை தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா நாலையும் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க, எது எந்தப் பக்கம்னு தெரிஞ்சா இன்னும் நல்லது. ஹேண்ட் பிரேக் எத்தனை பல்லு ஏறுதுன்னும் எண்ணிச் சொல்லுங்க. லேத்துல கடைஞ்ச டிஸ்கோட கனத்தை அளந்துட்டு, அதுலயே பொறிச்சிருக்கற குறைஞ்சபட்ச அளவோட ஒத்துப் பாருங்க. அதுக்குக் கீழ போயிருந்தா மாத்தித்தான் ஆவணும்.

இப்ப பெரிய டிஸ்க்குக்கு வர்றேன். பெரிய டிஸ்க் எதுக்கு? சூட்டைத் தாங்க. கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி எறங்குறவனுக்கு அது வேணும். நம்ம பக்கத்துல மேடுன்னு இருக்கறது கொள்ளிடம் பாலம்தான். மாஸ்டர் சிலிண்டரைப் பெருசாக்குற விஷயம் இன்னும் மோசம். 13/16 இன்ச்சை எடுத்துட்டு 7/8 போட்டா உள்பரப்பு 16 சதவீதம் கூடும். ஆயில்ல அதே அழுத்தம் வரணும்னா காலும் 16 சதவீதம் கூட அழுத்தணும். பெடல் கும்முன்னு இருக்கும், சரிதான். வண்டி நிக்கிறதுக்கும் அந்தக் கும்முக்கும் சம்பந்தம் இல்ல. பெரிய காலிப்பரோட சேர்த்துப் போட்டாத்தான் அதுக்குக் கணக்கு வரும். தம்பி ரெண்டையும் சேர்த்துப் போட்டதால தப்பிச்சாரு.

மலைக்கோட்டை 16வால்வ்:

ஐயா கோவம் இல்ல. நான் ட்ராக்குக்கும் போவேன், அதனால சொன்னேன். ஆனா மாஸ்டர் சிலிண்டர் கணக்கு இப்பதான் தெரியும்.

நாகை உப்புக்காத்து:

எங்க ஊர்ல கடலோரம் நிக்கிற வண்டியில நான் பாத்ததைச் சொல்றேன். நாலு வருஷம் நின்ன வண்டின்னா சக்கரத்துக்குப் போற ரப்பர் ஹோஸ் நாலையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. வெளியே பாக்க நல்லா இருக்கும், உள்ள சதை வீங்கி ஓட்டை அடைச்சிருக்கும். ஆயில் அழுத்தத்துல உள்ள போயிடும், காலை எடுத்தா திரும்பி வராது, அந்தச் சக்கரம் மட்டும் தேஞ்சுக்கிட்டே ஓடும். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒவ்வொரு வீல் கிட்டயும் கையைக் கொண்டு போங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா அதுதான்.

அடியில போற இரும்புக் குழாயையும் தடவிப் பாருங்க. விரல்ல துரு பொட்டுபொட்டா உதிர்ந்தா ஆபத்து. ஏர் எடுக்கிற, அதாவது ஆயில்ல சிக்கின காத்தை வெளியேத்துற நிப்பிளை அப்படியே திருகாதீங்க, முந்தின நாள் ராத்திரியே துரு விடுற எண்ணெய் விட்டு ஊற வைங்க. நான் ஒரு தடவை அவசரப்பட்டு முறிச்சேன், புது வீல் சிலிண்டர் தண்டம்.

என் கணிப்பு பூஸ்டரே போயிருக்கும்ங்கிறதுதான். நாலு வருஷம் காஞ்சு கிடந்த ரப்பர் பிழைக்காது.

வெண்ணாற்றங்கரை:

கும்பகோணம் ஐயா, உங்க கால்ல விழணும்.

போன வாரமே ரெண்டு சோதனையும் பண்ணினேன். ஸ்டார்ட் பண்ணினதும் பெடல் எறங்குச்சு. நிறுத்தி, டீ குடிச்சு வந்து மிதிச்சா மொத மிதியே கட்டை. பானெட்டைத் திறந்து பூஸ்டர்லேர்ந்து எஞ்சினுக்குப் போற ஹோஸைப் பாத்தேன். ஒரே துண்டு, மொழுமொழுன்னு. வால்வும் இல்ல, அம்பும் இல்ல. எடுத்து மடக்கினா பெட்ரோல் ஊத்துற டியூப் மாதிரி பொலுக்குனு மடங்குது.

எலி வேலை பாத்த ஊர் மெக்கானிக்கிட்ட போனேன். "அது பாதி கடிச்சுக் கெடந்துச்சு, நான் புதுசு போட்டேனே"ன்னாரு. பழசு எங்கன்னு கேட்டா, கடைக்குப் பின்னாடி ஒரு எண்ணெய் டின்னைக் காட்டினாரு. தலைகீழா கொட்டித் தேடினோம். ஆணி, வாஷர், ஒரு செத்த பல்லி, எல்லாத்துக்கும் அடியில கறுப்பு ஹோஸ். ரெண்டு முனையும் எலி அரம் போட்ட மாதிரி அறுத்திருக்கு, நடுவுல கட்டைவிரல் கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ், மேல அம்பு. வாயில வெச்சு ஒரு பக்கம் ஊதினா போகுது, அந்தப் பக்கம் ஊதினா போகல. இத்தனை நாளா என் பிரேக் அந்த டின்னுக்குள்ள கெடந்திருக்கு.

வால்வோட சேர்ந்த புது ஹோஸ் தஞ்சாவூர்ல சொல்லி வெச்சு நாலு நாள்ல வந்துச்சு. போட்டதும் மொத மிதி மெத்துன்னு. அதே வடுவூர் ரோட்டுல, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல மூணாவது கியர்ல இழுத்துட்டு உடனே மிதிச்சேன். இப்ப நிக்குது. நாகை அண்ணே, பூஸ்டர் பிழைச்சிருச்சு.

ஆனா முழுசா தீரல. பழைய பேடு டிக்கியில கெடந்துச்சு. வலது பக்கத்து ரெண்டும் ஒரே கனம். இடது பக்கத்துல வெளிப்பேடு ஆறு மில்லிமீட்டர், உள்பேடு பழைய நாலணா கனம்தான். ஹேண்ட் பிரேக் பதினொரு பல்லு ஏறுது. டிஸ்க் அளவு தப்பிச்சிருச்சு, ஆனா இன்னொரு தடவை கடைய முடியாது.

இதுல ஏதாவது அவசரமா?

கும்பகோணம் பட்டறை:

அவசரம்தான், ஆனா பயப்பட ஒண்ணுமில்ல.

இடது முன்பக்கக் காலிப்பர் நகர்ற கம்பி, பின்னுன்னு சொல்வோம், இறுகிப் பிடிச்சிருக்கு. உங்களுது மிதக்குற காலிப்பர், பிஸ்டன் உள்பக்கம் மட்டும். அது உள்பேடைத் தள்ளும், அந்தத் தள்ளுல காலிப்பர் முழுசா பின் மேல நகர்ந்து வெளிப்பேடை இழுத்துக் கொடுக்கும். பின் நகரலன்னா உள்பேடு மட்டும் வேலை செஞ்சு சாகும். பட்டறையில பேடு மாத்தினவங்க அந்த ரெண்டு பேடையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். புதுப் பேடும் இப்ப அதே வழியிலதான் போய்ட்டிருக்கு.

பின்னை உருவிப் பாருங்க. பழைய கிரீஸ் புளி பிசுக்கு மாதிரி கறுத்து ஒட்டியிருக்கும். ரப்பர் உறையை ஓரமா தள்ளி, பிரேக் கிளீனர்ல துடைங்க. பெட்ரோல், டீசல் வேணாம், ரப்பர் போயிடும். பின்லயும் ஓட்டையிலயும் துரு தின்ன குழி இருந்தா பின்னை மாத்துங்க. வழவழன்னு இருந்தா பிரேக்குக்குன்னே விக்கிற சிலிக்கான் கிரீஸ், மெல்லிசா. வீல் பேரிங் கிரீஸை அதுல வெச்சீங்கன்னா ரப்பர் ஊதி மறுபடி பிடிக்கும். நல்லா போட்ட பின் விரலால தள்ளினா போகும், விட்டா காத்து அமுக்கின மாதிரி லேசா திரும்பி வரும். அந்த உணர்ச்சி வந்தாத்தான் பூட்டணும்.

பதினொரு பல்லுக்குக் காரணம் பின்பக்க டிரம்ல தானா அட்ஜஸ்ட் ஆகுற பல்சக்கரம் துருவேறி நின்னுருக்கும். கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுற ஆளுங்க இருக்காங்க, விடாதீங்க. டிரம்மைக் கழட்டுங்க. உள்ள இருக்குற தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணி தெளிச்சுத் துடைங்க. வீல் சிலிண்டரோட ரப்பர் உறையை நகத்தால தூக்கிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா கசியுதுன்னு அர்த்தம், ஒரு பக்கம் போனாலும் ரெண்டையும் மாத்துங்க. நாகைக்காரர் சொன்ன ரப்பர் ஹோஸ் விஷயத்துல எனக்கும் அதே அபிப்பிராயம்தான், இத்தனை வருஷத்து ரப்பரை நம்ப வேணாம்.

இதெல்லாம் திறந்தா ஏர் எடுக்கணும். எந்த வரிசைன்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கறபடி போங்க. ஆயில்ல டாட் 3-ங்கற தரம் போதும், டாட் 4 போட்டாலும் சேரும். புதுசுல டாட் 3 கொதிக்கிறது குறைஞ்சது 205 டிகிரி, தண்ணி ஏறினா 140. டாட் 4-க்கு 230, 155. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும், நம்ம ஊர் ஈரக்காத்துல கேக்கவா வேணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, பாதி மிச்சம் இருக்குற பழைய டப்பாவைத் தொடாதீங்க. டாட் 5-னு சிலிக்கான்ல ஒண்ணு விக்கும், அது உங்களுக்கு ஆகாது.

ஒரு விஷயம் எழுதிடறேன், எனக்கே நேர்ந்தது. ஏர் எடுக்கையில பெடலைத் தரை வரைக்கும் மிதிக்காதீங்க. தினசரி பெடல் பாதி தூரம்தான் போகும், மாஸ்டர் சிலிண்டருக்குள்ள அதுக்கு அந்தப் பக்கம் வாஷர் போகாத இடத்துல அழுக்கும் துருவும் இருக்கும். தரை வரைக்கும் மிதிச்சா வாஷர் அதுல உரசிக் கிழிஞ்சுடும். தொண்ணூத்து நாலுலன்னு நினைக்கிறேன், ஒரு காண்டெஸாவுக்கு ஏர் எடுத்துக் குடுத்தேன். மறுநாளே பெடல் கீழ போகுதுன்னு திரும்பி வந்துச்சு. கைக்காசைப் போட்டு மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டினேன். அன்னிலேர்ந்து பெடலுக்கடியில ஒரு பூவரசங்கட்டை வெச்சுத்தான் ஏர் எடுக்கறேன். கட்டை இன்னும் பட்டறையில இருக்கு.

வெண்ணாற்றங்கரை:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், நடவு வேலையில மாட்டிக்கிட்டேன்.

ஐயா சொன்னபடி எல்லாம் ஆச்சு. இடது காலிப்பர் பின் ஒண்ணு சுத்தியால தட்டித்தான் வந்துச்சு, புளி பிசுக்குன்னு நீங்க சொன்னது கொறைச்சு, தார் மாதிரி இருந்துச்சு. ஹேண்ட் பிரேக் இப்ப ஆறு பல்லு. ஹோஸ் நாலு, வீல் சிலிண்டர் ரெண்டு, ஒரு பின், கிரீஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 9,200. வால்வு ஹோஸ் தனி. கட்டையும் வெச்சோம், எங்க வீட்டுல புங்கன்தான் கெடச்சுது.

புது வேலை செட் ஆகறதுக்கு விடியக்காலையில பைபாஸ்ல 60-லேர்ந்து 10 வரைக்கும் எட்டு தடவை பிடிச்சு விட்டேன், முழுசா நிறுத்தாம. அப்பறம் பிரேக் தொடாம ஆற விட்டு ஓட்டினேன். ஒன்பதாவதா ஓங்கி மிதிச்சுப் பாத்தேன். முன் டயர் ரெண்டும் லாக் ஆகிக் கத்துச்சு. கருப்பா ரெண்டு கோடு. சந்தோஷத்துல எறங்கிப் போய் போட்டோ எடுத்தேன்.

இப்ப கேள்வி, லாக் ஆகுதே, அது நல்லதா கெட்டதா?

கும்பகோணம் பட்டறை:

சக்கரத்தை லாக் பண்ற அளவு பிரேக்குக்குப் பலம் இருக்கு. இனிமே எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் ஒரு தடவை நிக்கிற தூரம் குறையாது, ரோட்டைப் பிடிக்கிறது டயர்தான். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1114-னு இருந்தா 2014-ல பதினொண்ணாவது வாரம். என்ன போட்டிருக்கு பாருங்க.

வெண்ணாற்றங்கரை:

3213.

கும்பகோணம் பட்டறை:

அப்ப 2013-ஓட டயர், ரொம்பப் பழசு. அந்த நாப்பதாயிரத்துல ஒரு பங்கை நாலு டயருக்கு எடுத்து வைங்க. அது வர்ற வரைக்கும் 60-ஐத் தாண்டாதீங்க. இப்ப ரோட்டுல பாதிக்கு நெல் காயும், மீதியில வைக்கோல் கெடக்கும், ராத்திரி பனியில அது வழுக்குறது சோப்பு தோத்துடும். ஏபிஎஸ் இல்லாத வண்டி, லாக் ஆனா ஸ்டியரிங் கேக்காது, காலை லேசா விட்டு மறுபடி பிடிங்க. நெல்லைச் சுத்தி வெச்ச கல்லை அறுப்பு முடிஞ்சும் யாரும் எடுக்கறதில்ல, அதையும் பாத்துக்குங்க.

எலிக்கு என்ன பண்ணினீங்க?